எத்தினை ஓம்?

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதிப் பழக்கம் இல்லை. எழுதினால் வரி மேலே ஏறும், இல்லையென்றால் கீழே இறங்கும், நேராகப் போகாது. மறதியும் சேர்ந்துவிட்டது. மத்தியானம் என்ன சமைத்தாய் என்று கேட்டால் சட்டியைத் திறந்து பார்த்துத்தான் சொல்வேன். ஆனால் ஓம் மாஸ்டரைப் பற்றி யாராவது எழுதவேண்டும். எழுதக்கூடியவர்கள் எல்லாரும் வெளிநாட்டுக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருப்பது நான்தான்.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதிலும் 'ஓம்' என்ற சொல்லுக்கு எண்ணிக்கை கேட்ட ஒரே மனிதர் அவர்.

நாங்கள் எல்லாரும் ஓம் என்றால் சரி, சம்மதம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்ற மூன்று கருத்தோடு சீவியத்தை ஓட்டுகிறவர்கள். மாஸ்டருக்கு நாலாவது கருத்து ஒன்று இருந்தது. அது எனக்குத் தெரியவந்த விதம் இது.

கொக்குவிலில் எங்கள் ஒடுங்கின ஒழுங்கைக்கு அவர் குடிவந்து மூன்றாம் நாள். நான் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு நரைத்த தலை எழும்பியது.

"தங்கச்சி, உங்கடை வீட்டிலை ஸ்பீக்கர் ஏதும் இருக்கோ?"

ரேடியோவுக்குள் ஒன்று இருந்தது. "ஓம்" என்றேன்.

"எத்தினை ஓம்?"

"ஓம்."

"அதுதான், எத்தினை?"

யோசித்துப் பார்த்தேன். ஒருதரம்தான் சொல்லியிருந்தேன். "ஒண்டு."

"ஒரு ஓமிலை ரேடியோ ஸ்பீக்கர் கிடையாது தங்கச்சி. பின்பக்கம் எழுதியிருக்கும். பாத்திட்டு வந்து சொல்லுங்கோ."

நான் விளக்குமாற்றோடு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பின்னேரம் மகள் வேலையால் வந்ததும், "பக்கத்து வீட்டுக்கு வந்த மனிசனுக்குச் சுகமில்லைப் போலை" என்றேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவர் முப்பது வருசம் பள்ளிக்கூடத்தில் மின்சாரம் படிப்பித்தவராம். கம்பிக்குள்ளே கரண்டு எவ்வளவு மறிபடுகிறது என்று அளக்கிற அளவுக்கு ஓம் என்று பெயராம். கிலோ, லீற்றர் மாதிரி. படித்த பிள்ளைகள் வைத்த பட்டம்தான் ஓம் மாஸ்டர். அவருடைய சொந்தப் பெயர் அவர் வீட்டுக் கரண்டு பில்லில் மட்டும் இருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் கதை விளங்காது. நான் குருநகரில் பிறந்து கொக்குவிலுக்குக் கல்யாணம் முடித்து வந்தவள். கூச்சக்காரி. யார் என்ன கேட்டாலும் ஓம் என்பேன். பஸ் கொண்டக்டர் "தட்டாதெருவோ?" என்று கேட்டால் ஓம் என்று இறங்கிக் கொக்குவில்வரை மிச்சத் தூரம் நடந்து வந்திருக்கிறேன். இல்லை என்று சொல்ல என் வாய் பழகவில்லை.

ஆனால் காது நல்ல காது. சின்னப் பிள்ளையில், வள்ளங்கள் கரைக்குத் திரும்புகிற நேரம் அம்மா என்னைத்தான் கேட்பா: "கொப்பர் வாறாரோ?" கடலில் ஒரு புள்ளியும் தெரியாது. மோட்டர்ச் சத்தங்கள் மட்டும் கலந்து வரும். அதற்குள் அப்பாவின் மோட்டரை நான் பிடித்துவிடுவேன். அது நாலுதரம் இருமிவிட்டு ஒருதரம் மூச்சு வாங்கும். நான் ஓம் என்றால் அம்மா அடுப்பில் உலை வைப்பா. ஒருநாளும் பிழைத்ததில்லை. என் ஓமுக்கு மதிப்பு இருந்த காலம் அது.

மாஸ்டரிடம் வருகிறேன். அவருடைய அக்காவின் மகன் காந்தன் கனடாவில். மாமாவுக்குப் பாட்டுக் கேட்கிற பைத்தியம் என்று தெரிந்து, அங்கே யாரோ வீடு மாறும்போது விற்ற ஒரு சோடி ஸ்பீக்கரை வாங்கிக் கப்பலில் போட்டுவிட்டான். கொழும்பில் இருந்து அவை வந்தது, வாழைக்குலை இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பிய ஒரு நீர்வேலி லொறியில். ஒவ்வொன்றும் என் தோள் உயரம். ஒரு மாதம்வரை அந்த வீட்டில் எந்தப் பாட்டுப் போட்டாலும் வாழைப்பழம் மணக்கும்.

ஸ்பீக்கர் வந்த அடுத்த நாள் மதிலுக்கு மேலால் தலை எழும்பியது.

"தங்கச்சி, உங்கடை அம்மியை ஒருக்காத் தாங்கோவன்."

சம்பல் அரைக்கப் போகிறார் என்று நினைத்தேன். "ஓம்" என்றேன். அம்மி போனது போனதுதான். ஸ்பீக்கர் நிலத்தில் நின்றால் நிலமும் சேர்ந்து பாடுமாம். அம்மிக்கு மேலே நின்றால் ஸ்பீக்கர் மட்டும் பாடுமாம். "வெள்ளைக்காரன் இதுக்கெண்டு கல்லு வெட்டி விக்கிறான். எங்கடை அம்மிக்கு முன்னாலை உதெல்லாம் நிக்குமோ?" என்றார். ஸ்பீக்கர் இரண்டு, அம்மியும் இரண்டு வேண்டும். மற்றது முன்வீட்டு ஸ்டேசன் ஐயா வீட்டில் இருந்து போனது. இரண்டு வீடும் அன்றிலிருந்து இடித்த சம்பல்தான்.

ஸ்டேசன் ஐயா ரயில்வேயில் இருந்து இளைப்பாறினவர். பழைய ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். அவருக்கும் மாஸ்டருக்கும் நடந்த சண்டைதான் இந்தக் கதையின் முதுகெலும்பு.

மாஸ்டரிடம் ஒரு ஸ்பூல் நாடா இருந்தது. இரண்டு பெரிய சக்கரம் சுற்றுகிற மெசினில் போடுகிறது. அவர் இளந்தாரியாய் இருந்தபோது, இரவல் மெசின் ஒன்றைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய், கொக்குவில் கோயில் தீர்த்தத் திருவிழாவில் ஒரு மேளக் கச்சேரியைப் பதிந்திருக்கிறார். ஊரோடு இடம்பெயர்ந்தபோது மற்றவர்கள் நகையும் காணி உறுதியும் கொண்டு ஓட, இவர் அந்த ஸ்பூலைச் சோற்றுப் பானைக்குள் வைத்து மூடித் தலையில் சுமந்துகொண்டு ஓடினவர். வழியில் பசித்தவர்கள் எல்லாரும் அவருக்குப் பின்னால் நம்பிக்கையோடு நடந்தார்களாம்.

அந்த நாடாவில் அப்படி என்ன இருக்கிறது? மாஸ்டர் சொல்வதைக் கேட்டால், நாதஸ்வரக்காரர் ஆலாபனை செய்துகொண்டு போகிறபோது தூரத்தில் ஒரு ரயில் கூவியது. அவர் உடனே குழலை நிறுத்தினார். சனம் சிரித்தது. ரயில் கூவி முடியும்வரை காத்திருந்து, அது விட்ட அதே சுருதியைப் பிடித்து அங்கிருந்து மேலே ஏறினார். "ரயில் எடுத்துக் குடுக்க மனிசன் வாங்கினான் தங்கச்சி. அந்த இடத்திலை நான் நிண்டனான்" என்று சொல்லும்போது மாஸ்டரின் கண் கலங்கும்.

ஸ்டேசன் ஐயா ஒப்புக்கொள்ளமாட்டார்.

"தீர்த்தம் பகலிலை. பகல் பதினொண்டரைக்கும் ரெண்டுக்கும் இடையிலை கொக்குவிலுக்குள்ளை ரயிலே இல்லை. அவர் குழல் வாயிலை சீவாளி மாத்த நிப்பாட்டியிருப்பார். நீர் கனவு கண்டிருப்பீர்."

"ஐசே, என்ரை ஸ்பூலிலை ரயில் இருக்கு."

"எங்கை, போட்டுக் காட்டும்."

அங்கேதான் வில்லங்கம். போட்டால் குழல் நிற்பது கேட்கும், சனம் சிரிப்பது கேட்கும், பிறகு குழல் தொடங்குவது கேட்கும். நடுவில் ரயில் கூவுவது மாஸ்டருக்குக் கேட்பதில்லை. முந்திக் கேட்டதாம். இப்போது இல்லையாம். பழைய அம்ப்ளிபயர் கெட்டுப்போய்ச் சின்னச் சத்தங்களை விழுங்குகிறது என்று முடிவு கட்டினார். நல்ல அம்ப்ளிபயர் ஒன்று வந்தால் ரயில் வெளியே வரும்.

காந்தன் சொன்னான்: "மாமா, ஸ்பீக்கருக்குப் பொருத்தமானதை நீங்கள் தெரிவு செய்யுங்கோ. எடுத்துத் தாறது என்ரை வேலை."

அன்று தொடங்கியது மாப்பிள்ளை தேடல். ஸ்பீக்கர் பொம்பிளை, அம்ப்ளிபயர் மாப்பிள்ளை. மாஸ்டர் அப்படித்தான் சொல்வார். ஒரு கொப்பியில் பொருத்தம் பார்த்தார். எத்தனை வோட்ஸ் தள்ளுவார், எவ்வளவு கொதிப்பார், வீட்டுக் கரண்டு ஏறி இறங்கினால் தாங்குவாரோ. ஆனால் முதல் பொருத்தம் ஓம் பொருத்தம். "எங்கடை பிள்ளை நாலு ஓம்" என்பார், என்னவோ நட்சத்திரம் சொல்வதுபோல. எனக்கு விளங்கவேண்டும் என்று வலையை வைத்து விளங்கப்படுத்தினார். நாலு ஓம் என்றால் கண் பெரிய வலை, கரண்டு பாய்ந்து போகும். எட்டு ஓம் என்றால் கண் சின்ன வலை, பொறுத்துப் போகும். எட்டுக்குச் செய்த மாப்பிள்ளையை நாலுக்குக் கட்டிவைத்தால், பாய்ந்து பாய்ந்து உழைத்தே கொதித்துப்போவான். நான் ஓம் என்றேன். அவர் "நாலு" என்றார்.

ஒருநாள் காந்தன் எனக்கு ரெலிபோன் எடுத்தான். மாஸ்டர் ஸ்பூல் கேட்கிறபோது போனை நிறுத்திவைப்பார், அதனால்.

"அன்ரி, மாமா போன் எடுக்கிறாரில்லை. நான் கடையிலை நிக்கிறன், நல்லதொண்டு கிடக்குது. மாமாவின்ரை ஸ்பீக்கர் எட்டு ஓம் தானே?"

வெளிநாட்டுப் போன் என்றால் நான் அதைக் காதில் இருந்து ஒரு சாண் தள்ளிப் பிடிப்பேன். ஓம் தானே என்ற கடைசிப் பாதிதான் காதில் விழுந்தது.

"ஓம்."

"வடிவாத் தெரியுமோ? எட்டு?"

"ஓம்."

"எட்டு ஓம். சரி அன்ரி."

"ஓம், ஓம்."

அந்த ஆவணியில் காந்தன் வந்தபோது முதல் மாப்பிள்ளை பெட்டிக்குள் வந்து இறங்கினார். வெள்ளி நிறம். முகத்தில் ஒரு ஊசி துடிக்கும். அன்று ஒழுங்கைக்கே ஊரடங்குச் சட்டம். மீன்காரன் ஹோர்ன் அடிக்கக்கூடாது என்று சந்தியில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார் மாஸ்டர். குளிர்ப்பெட்டி இரையும் என்று அதை நிறுத்தினார், உள்ளே இருந்த விளைமீன் பழுதானது வேறு கதை. சுவரில் பாய் தொங்கவிட்டார். நிலத்தில் சோக்கட்டியால் வட்டம் கீறிக் கதிரையை அதற்குள் வைத்தார். பக்கத்தில் எனக்கு இருக்க ஒரு மரவாங்கு. இடியப்பம் கொடுக்கப் போன என்னையும் பிடித்து இருத்திவிட்டார்.

ஆலாபனை தொடங்கியது. குழல் நின்றது. சனம் சிரித்தது. அப்போது தூரத்தில், எங்கேயோ வயலுக்கு அப்பால், மெல்லிய கூவல் ஒன்று எனக்குக் கேட்டது. அப்பாவின் மோட்டரைக் கேட்கிற மாதிரித் தெளிவாகக் கேட்டது. பிறகு குழல் அதே இடத்தில் இருந்து ஏறியது.

மாஸ்டர் நாடாவை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, ரயில் கேட்டதோ?"

"ஓம்."

அவர் முகம் மலர்ந்தது. உடனே சந்தேகம் வந்துவிட்டது. முப்பது வருசம் பிள்ளைகளுக்குச் சோதனை வைத்தவர்.

"அதுக்குப் பிறகு யானை ஒண்டு பிளிறினது. அதுவும் கேட்டதோ?"

படித்த மனிசன் சொல்கிறார், பிளிறியிருக்கும், எனக்குத்தான் கேட்கவில்லை என்று நினைத்தேன்.

"ஓம்."

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். "உங்கடை ஓமுக்குள்ளை கரண்டு இல்லைத் தங்கச்சி" என்றார். அன்றோடு என் சாட்சி தள்ளுபடி.

அடுத்தது தவில். தனி தொடங்கி மூன்றாவது அடியில் அம்ப்ளிபயர் தானாக அணைந்துவிட்டது. ஆறவிட்டுப் போட்டால் திரும்பவும் மூன்றாவது அடியில் அணைந்தது. மேலே கை வைக்க முடியவில்லை, தோசைக்கல். மாஸ்டர் பின்பக்கத்தைத் திருப்பிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். எட்டு ஓமும் அதற்கு மேலும் என்று எழுதியிருந்தது.

"டேய், நாலு எண்டு உனக்குத் தெரியாதோ?"

காந்தன் என்னைப் பார்த்தான். "அன்ரிதானே எட்டு எண்டவா."

நிலம் பிளந்திருந்தால் அம்மியோடு உள்ளே போயிருப்பேன்.

"எட்டு எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம்."

"நாலு எண்டு உங்களுக்கு நான் எத்தினைதரம் சொல்லியிருப்பன்?"

"ஓம்."

மாஸ்டர் கூரையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரிக்கத் தொடங்கினார். "இந்த அளவுக்குப் பேர் வைச்சவன் யாழ்ப்பாணத்துக்கு ஒருக்கா வந்திட்டுப் போயிருந்தால் வேறை பேர் வைச்சிருப்பான்" என்றார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அந்த மாப்பிள்ளையை, எட்டு ஓம் ஸ்பீக்கர் வைத்திருந்த காந்தனின் சிநேகிதன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். ஆனால் என்னுடைய ஓம் ஒரு மனிசனின் ஆசையைக் கெடுத்துவிட்டது.

இரண்டாவது, கொழும்புக் கடையொன்றில் இருந்து ஒரு கிழமைத் தவணைக்கு வந்தது. பிடித்தால் வைத்திருக்கலாம், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பலாம். ரயிலில் வந்த பார்சலை எடுத்து வந்தவர் ஸ்டேசன் ஐயா. சண்டை வேறு, பார்சல் வேறு. அதற்கு மேலே கண்ணாடிக் குமிழ்கள் நிரையாக நின்று மெழுகுதிரிபோலச் செம்மஞ்சளாய் எரிந்தன. நான் பழக்கதோசத்தில் சிலுவை போட்டுக்கொண்டேன். குழல் தேனாய் வந்தது. ஆனால் தவில் வந்தபோது நனைந்த காட்போட் பெட்டியில் தட்டுவதுபோல இருந்தது. எங்கள் பெரிய பிள்ளைகளைத் தள்ள அதற்குப் பலம் போதவில்லை.

"குணம் தங்கம். உழைப்புக் காணாது" என்றார் மாஸ்டர்.

ரயில் வருகிற இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஆறாவது தரம், கூ என்று வீடே அதிர ஒரு சத்தம். மாஸ்டர் வட்டத்தை விட்டுத் துள்ளி எழும்பினார். "வந்திட்டுது, வந்திட்டுது." தெருவில் இருந்து ஸ்டேசன் ஐயாவின் குரல் கேட்டது: "ஓமோம், பன்ரெண்டு நிமிசம் பிந்தித்தான் வந்திருக்கு." காங்கேசன்துறை ரயில் நிசமாகவே எங்கள் வளவுக்குப் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

அதைத் திருப்பி அனுப்பி எடுத்த மூன்றாவது மாப்பிள்ளை வெறும் கறுப்பு இரும்புப் பெட்டி. இதரை வாழைக்குலை மூன்றின் பாரம். இரண்டு பேர் தூக்கி வைத்தார்கள். பின்பக்கத்தில் நாலு ஓம் என்று எழுதியிருந்ததை மாஸ்டர் எனக்கு விரல் வைத்துக் காட்டினார். தவில் தொடங்கியது. என் நெஞ்சுக்குள் யாரோ அடித்தார்கள். அம்மி அதிர்ந்தது. ஒழுங்கை முனை வீட்டு அம்மா, சுவாமி வீதியுலா வருகிறது என்று கற்பூரத்தட்டோடு படலை வாசலில் வந்து நின்றா. பொருத்தம் என்றால் அதுதான் பொருத்தம்.

மாஸ்டர் அன்று ஸ்டேசன் ஐயாவை ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். இன்றைக்கு ரயில் வரும், வந்து கேட்டுவிட்டுப் போகட்டும் என்று. ஐயா சட்டை போட்டு, மணிக்கூடு கட்டி, சாட்சிக்குப் போகிறவர்போல வந்து என் வாங்கின் மற்றப் பக்கத்தில் இருந்தார்.

குழல் நின்றது. சனம் சிரித்தது. ரயில் கூவியது. இந்த அம்ப்ளிபயரில் அது எவ்வளவு தூரத்தில் நின்று கூவியது என்றுகூடச் சொல்லலாம். நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் காதைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, காத்துக்கொண்டே இருந்தார். குழல் திரும்பத் தொடங்கியபோது அவருடைய தோள் இறங்கிவிட்டது. ஸ்டேசன் ஐயா யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாஸ்டர் எழும்பி மெசினை நிறுத்தினார்.

"ஐசே, நீர் சொன்னதுதான் சரி. ரயில் இல்லை. சீவாளி மாத்தத்தான் நிண்டிருக்கிறார். நான்தான் இவ்வளவு காலமும் ஊருக்குப் பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சிருக்கிறன்." ஸ்பூலைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தார். சோற்றுப் பானைக்குள் வைத்துச் சுமந்த ஸ்பூல். "இதை இனி என்னத்துக்கு வைச்சிருக்கிறது. இந்தப் பெட்டியையும் நாளைக்குத் திருப்பி அனுப்பிவிடுவம். என்ன தங்கச்சி?"

நான் ஓம் சொல்லவேண்டிய இடம் அது. வாய் வரை வந்தும்விட்டது.

"இல்லை" என்றேன்.

யார் சொன்னது என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

"என்ன?"

"இல்லை மாஸ்டர். பெட்டியிலை பிழை இல்லை. ஸ்பூலிலையும் பிழை இல்லை. ரயில் வருது. முந்தி வந்த ரெண்டிலையும் வந்தது."

"யானையும் வந்ததுதானே?"

"யானை வரேல்லை. யானை நான் சொன்ன பொய். ரயில் உண்மை. ஐயாவும் கேட்டவர். கேளுங்கோ."

ஸ்டேசன் ஐயா கைமணிக்கூட்டைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். ரயில்வேயில் இருந்தவர், பொய் எழுதிக் கையெழுத்துப் போட மனம் வரவில்லை.

"கேட்டதுதான்" என்றார். "ஆனால் அது மெயில் இல்லை. கூவலைப் பாத்தால் குட்ஸ், சாமான் ஏத்திற ரயில். குட்ஸுக்கு ரைம்ரேபிள் இல்லை."

மாஸ்டர் அவரைக் கட்டிப்பிடித்தார். ஸ்பூலைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். "குட்ஸ், குட்ஸ்" என்று ஏதோ சுவாமி பேர் சொல்வதுபோலச் சொன்னார். மூன்றாவது சுற்றில் நடை மெதுவானது. சோக்கட்டி வட்டத்துக்குள் வந்து கதிரையில் இருந்தார்.

"அப்ப எனக்கு மட்டும்தான் கேக்கேல்லை."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஓம்."

அதுதான் நான் சொன்னவற்றுக்குள் பாரமான ஓம். மூன்று வாழைக்குலை பாரம்.

காது வைத்தியர் இரண்டு காதையும் பார்த்துவிட்டு, மெல்லிய கூர்மையான சத்தங்கள் மாஸ்டருக்கு எட்டுவதில்லை என்றார். காதுக்குப் பின்னால் மாட்ட ஒரு சின்ன மெசின் கொடுத்தார். அதை உள்ளங்கையில் வைத்து எனக்குக் காட்டினார் மாஸ்டர். பயற்றங்காய் விதையிலும் கொஞ்சம் பெரிது. "இதுவும் அம்ப்ளிபயர்தான் தங்கச்சி. உலகமெல்லாம் மாப்பிள்ளை தேடினம். மூத்த பொம்பிளை நான் எல்லோ வீட்டிலை இருந்திருக்கிறன்."

மாட்டிய முதல் நாள், கதிரையில் இருந்தவர் திடீரென்று கையைத் தூக்கினார். "வருது தங்கச்சி, கூவுது, வடிவாக் கேக்குது."

"இல்லை மாஸ்டர்." இரண்டாவது இல்லை முதலாவதைவிட லேசாக வந்தது. "ஸ்பூல் இன்னும் போடேல்லை. உங்கடை காதுதான் கூவுது." மெசின் சரியாகப் பொருந்தாவிட்டால் தானே கூவுமாம். வைத்தியர் அதைச் சரிப்படுத்திக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவருக்குப் பல சத்தம் கேட்டது. தன் படலை கிரீச்சிடுவது கேட்டது. குளிர்ப்பெட்டி இரைவது கேட்டது. நான் குசினியில் கோயில் பாட்டுப் பாடுவதும் கேட்டு, "இவ்வளவு நாளும் பாடினனீங்களோ?" என்றார். நான் இரண்டு கிழமை வாயைத் திறக்கவில்லை. ஆனால் அந்த ரயில் மட்டும் அவருக்குச் சிலநாள் கேட்கும், சிலநாள் கேட்காது. கேட்கிற நாளிலும் அது கேட்டதா நினைத்ததா என்று அவருக்கே உறுதி இல்லை. அதனால் ஒரு ஏற்பாடு செய்தார். ஞாயிற்றுக்கிழமை நான் பூசை முடிந்து வந்ததும் ஸ்பூலைப் போடுவார். ரயில் வருகிறபோது நான் சுட்டுவிரலைத் தூக்கவேண்டும். மாஸ்டர் ஸ்பீக்கரைப் பார்ப்பதை விட்டுவிட்டு என் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார். விரல் எழும்பும். அவர் முகம் அந்தத் தீர்த்தத் திருவிழாவில் நின்ற முகமாய் மாறும். அந்த முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, ஆனால் இப்படித்தான் இருந்திருக்கும்.

போன வருசம் காந்தன் வந்து மாமாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போய்விட்டான். பொருத்தம் பார்த்துக் கட்டிவைத்த சோடியைப் பிரிக்கக்கூடாது என்று, ஸ்பீக்கரும் கறுப்புப் பெட்டியும் ஸ்பூல் மெசினும் எங்கள் வீட்டு முன்னறைக்கு வந்துவிட்டன. அம்மிகள் இரண்டும் கூடவே வந்தன. என் அம்மி என் வீட்டுக்கே திரும்பி வந்தும் எனக்குச் சம்பல் இல்லை. ஸ்டேசன் ஐயாவின் மனிசி தன் அம்மியைக் கேட்டு இன்னும் ஆள் அனுப்புகிறா. ஐயாவோ நேரே வந்து ஸ்பூலைப் போட்டுக் கேட்டுவிட்டு, குட்ஸ் சரியான நேரத்துக்குப் போகிறது என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கனடாவில் இருந்து போன் வரும். மகள் போனை ஸ்பீக்கருக்கு முன்னால் பிடிப்பாள். குழல் நிற்கும், சனம் சிரிக்கும். அந்த இடத்தில் மாஸ்டர் கேட்பார்:

"தங்கச்சி, வருதோ?"

"ஓம்."

"எத்தினை ஓம்?"

"ஒண்டு" என்பேன். அது காணும் அவருக்கு.

இதை எழுதி முடித்துவிட்டேன். கரண்டு தெரிந்த யாராவது அச்சில் போடமுதல் ஒருதரம் வாசித்துப் பார்க்கவும். நாலு ஓம், எட்டு ஓம் எல்லாம் மாறி எழுதியிருப்பேன், திருத்திவிடுங்கள். வோட்ஸ் என்பதையும் சரிபாருங்கள். யானையை வேண்டுமென்றால் வெட்டிவிடுங்கள். ரயிலை மட்டும் தொடவேண்டாம். அது வருகிறது.